ஊமைப்படங்களை எடைபோட்டவர்கள்

புதிய திரைப்படம் ஒன்று வெளிவந்தால், அது பார்க்கத் தக்கதா என்பதை அறிய இன்று அதிக நேரம் பிடிப்பதில்லை. முதற்காட்சி முடிந்து வெளியே வருபவர் வாகன நிறுத்துமிடத்தை அடைவதற்குள் தம் கருத்தைக் கைப்பேசியில் பதிவிட்டுவிடுகிறார். அதைப் படித்துவிட்டு நூற்றுக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்கின்றனர்.

நூறாண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. அன்று திரையில் உருவங்கள் அசைந்தன, ஆனால் பேசவில்லை. அத்தகைய படங்களை மக்கள் ஊமைப்படம் என்றும் மௌனப்படம் என்றும் அழைத்தனர். ஒரு வட்டாரத்தில் எந்த ஊமைப்படத்தைத் திரையிடலாம், அங்குள்ள மக்கள் எதை விரும்புவர், எது அவர்களுக்கு ஏற்றது என்பவற்றை யாரோ ஒருவர் முன்கூட்டியே எடைபோட வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கொட்டகை முதலாளிகளும் அரசாங்கத் தணிக்கையாளர்களும் செய்தனர். இறுதித் தீர்ப்பை மட்டும் தரையிலும் நாற்காலியிலும் அமர்ந்திருந்த மக்கள் வழங்கினர்.

ஒரே வட்டாரம், பலவகை மக்கள்

கொட்டகை முதலாளியின் வேலை எத்துணைக் கடினமானது என்பதை உணர, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எண்ணிப் பார்த்தாலே போதும். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகள் அழிந்தன. அதன்பிறகு நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அதற்குத் தேவையான செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைப் பெற்றது.

பின்னர் இரயில்வே அங்கே காலூன்றியது. தண்டவாளத்தில் உழைத்த தொழிலாளர்களும், அலுவலகத்தில் கணக்கெழுதிய குமாஸ்தாக்களும் அங்குக் குடியேறினர். தமிழகத்திலிருந்து வந்தவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். 1915ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'நூறு வீடுகள்' என்னும் ஊழியர் குடியிருப்பு அக்காலத்தின் அடையாளமாக நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இத்தகைய ஒரு வட்டாரத்திற்கு ஊமைப்படம் ஒன்று வந்தால் என்ன நேரும்? ஆங்கிலம் படித்த குமாஸ்தா, காட்சிகளுக்கு இடையே தோன்றும் எழுத்து அட்டைகளைத் தாமே படித்துக்கொள்வார். எழுதப் படிக்க வாய்ப்புக் கிட்டாத தொழிலாளிக்கு அந்த எழுத்துகள் வெறும் கோடுகளாகவே தெரியும். ஒருவர் காதல் கதையை எதிர்பார்ப்பார். மற்றொருவருக்குக் குதிரை ஓட்டமும் வாள் சண்டையும் வேண்டும். அவர்களுக்கு அருகிலேயே சீனரும் மலாய்க்காரரும் அமர்ந்திருப்பர். ஆகவே, 'இது நல்ல படமா?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொட்டகை முதலாளியால் ஓய்ந்துவிட முடியாது. 'இது யாருக்கு நல்ல படம்?' என்றும் அவர் கேட்டாக வேண்டும்.

படங்களைத் தூக்கிச் சென்ற இரயில்வே ஊழியர்

தென்னிந்தியாவில் இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் இரயில்வே ஊழியரே ஆவார். அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரைச் சேர்ந்த அவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் படம் வரைபவராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த டுபாண்ட் என்பவர் திருச்சிக்கு வந்து படம் காட்டினார். உடல்நலம் குன்றியதால் அவர் தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். வின்சென்ட் துணிந்து அவற்றை வாங்கினார், வேலையை விட்டார், ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கையும் அமைத்தார்.

கூடாரம் போட்டுப் படம் காட்டியவருக்கு ஒரு வசதி இருந்தது. ஓர் ஊரில் படம் எடுபடவில்லை என்றால், கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குச் சென்றுவிடலாம். நிலையான கொட்டகை கட்டியவருக்கு அந்த வசதி இல்லை. வாரந்தோறும் அதே தெருக்களில் வாழும் அதே மக்களே அவரிடம் வந்தாக வேண்டும். ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை வரத் தயங்குவர். எனவே, வட்டாரக் கொட்டகையை நடத்துபவருக்குத் தம் மக்களின் சுவையை அறிவது பிழைப்பாகவே ஆகிவிட்டது.

கொட்டகைக்காரர்களின் பத்திரிகைப் பக்கம்

உலகின் மற்றொரு பகுதியில் கொட்டகைக்காரர்கள் இந்த அறிவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வழி கண்டனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்து வெளிவந்த திரையரங்கு உரிமையாளர்களுக்கான இதழ் ஒன்று, 1916ஆம் ஆண்டில் 'அந்தப் படம் எனக்கு என்ன செய்தது' என்று பொருள்படும் பகுதியைத் தொடங்கியது. சிற்றூர்களிலும் நகரத்தின் குடியிருப்புப் பகுதிகளிலும் திரையரங்கு நடத்தியவர்கள் தாங்கள் காட்டிய படங்களைப் பற்றி அதில் எழுதினர்.

அவர்கள் தேர்ந்த விமர்சகர்கள் அல்லர். கூட்டம் வந்ததா, பாதியில் யாராவது எழுந்து சென்றார்களா, குழந்தைகள் சிரித்தார்களா, கொடுத்த வாடகைக்குப் படம் தகுமா என்பவற்றைச் சில வரிகளில் சொல்லி முடித்தனர். மழை பெய்ததால் கூட்டம் குறைந்தது என்றால் அதையும் மறைக்காமல் எழுதினர். படத்தின் மீது வீண்பழி விழுந்துவிடக் கூடாது அல்லவா?

அந்தக் குறிப்புகளின் இறுதியில் ஒரு சிறப்பான வழக்கம் காணப்பட்டது. எழுதியவரின் பெயர், திரையரங்கின் பெயர், ஊரின் பெயர் ஆகியவற்றோடு, அங்கு வரும் மக்கள் எத்தகையோர் என்பதும் ஒரு சொல்லில் குறிக்கப்பட்டது. குடியிருப்பு வட்டார மக்கள், சிற்றூர் மக்கள், பொதுவான மக்கள் என அது அமையும். பெருநகரத்து மாளிகைத் திரையரங்கில் கொண்டாடப்பட்ட படம், சிற்றூரில் எடுபடாமல் போகலாம். ஆகவே, கருத்தைப் படிப்பவர் முதலில் அக்கருத்து எந்த மக்களிடமிருந்து வந்தது என்று பார்த்தார். தம் கொட்டகை மக்களோடு அவர்களை ஒப்பிட்டார். அதன்பிறகே படத்தை வரவழைப்பதா என்று முடிவு செய்தார்.

எவற்றைக் கொண்டு எடைபோட்டனர்?

ஊமைப்படத்தை மதிப்பிடுவதற்கு அக்காலத்தவர் கவனித்த கூறுகள் சில உள்ளன.

முதலாவது, படத்தின் நீளமும் ஓட்டமும் ஆகும். ஒரு சுருள் ஏறத்தாழ 1,000 அடி நீளம் கொண்டது. அது திரையில் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும். படவீழ்த்தியைக் கையால் சுழற்றியவரின் வேகத்திற்கு ஏற்ப அந்நேரம் கூடவும் குறையவும் செய்யும். விரைவாகச் சுழற்றினால் சோகக் காட்சியும் சிரிப்புக் காட்சியாகிவிடும். எனவே, ஒரே படம் இரண்டு கொட்டகைகளில் இருவேறு மதிப்பைப் பெறுவதும் இயல்பே.

இரண்டாவது, எழுத்து அட்டைகள். கதையையும் உரையாடலையும் அவையே தெரிவித்தன. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் தயாரித்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகக் கருதப்படுகிறது. பலமொழி மக்களும் புரிந்துகொள்ளும்படி அப்படத்தின் அட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இடம்பெற்றன. படிக்கத் தெரியாதவர்களுக்காக அட்டையை உரக்கப் படித்து விளக்குபவர்களும் கொட்டகைகளில் இருந்தனர். சப்பானில் 'பென்சி' எனப்பட்ட கதைசொல்லிகள், திரைக்கு அருகில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தனர். அங்கே நடிகர்களைவிடக் கதைசொல்லியின் பெயருக்காகவே கூட்டம் திரண்டதும் உண்டு.

மூன்றாவது, கதை மக்களுக்கு முன்பே அறிமுகமானதா என்பது. தாதாசாகிப் பால்கே 1917ஆம் ஆண்டில் 'இலங்கா தகனம்' என்னும் படத்தை வெளியிட்டார். சாளுங்கே என்ற ஒரே நடிகர் அதில் இராமராகவும் சீதையாகவும் தோன்றினார். ஆயினும் மக்கள் அதைக் குறையாகக் கருதவில்லை. இராமர் திரையில் தோன்றியதும் பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றினர் என்பர். சென்னையில் நுழைவுச்சீட்டுப் பணமாகச் சேர்ந்த நாணயங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலுடன் அனுப்பினர் என்றும் கூறப்படுவதுண்டு. தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் இராமாயணத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எழுத்து அட்டை தேவைப்படவில்லை. கதை அவர்கள் நெஞ்சிலேயே இருந்தது.

அஞ்சிய தணிக்கையாளர்கள்

கொட்டகைக்காரர் மக்கள் எதை விரும்புவர் என்று எண்ணினார். குடியேற்ற அரசாங்கமோ மக்கள் எதைப் பார்க்கக் கூடாது என்று எண்ணியது. இந்தியாவில் 1918ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டம் இயற்றப்பட்டது. 1920ஆம் ஆண்டில் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன.

1921ஆம் ஆண்டில் 'பக்த விதுரர்' என்னும் படம் வெளிவந்தது. மகாபாரதத்தில் நீதி பேசிய விதுரரின் கதை அது. பார்ப்பதற்குப் பழைய புராணக் கதைதான். ஆனால், படத்தில் விதுரர் கதராடை அணிந்து, காந்தித் தொப்பியோடு தோன்றினார். ஒத்துழையாமை இயக்கம் இந்தியா முழுவதும் பரவியிருந்த காலம் அது. நீதியற்ற அரசவையை எதிர்க்கும் விதுரர் யாரைக் குறிக்கிறார் என்பதைத் தணிக்கையாளர்கள் புரிந்துகொண்டனர். படம் சென்னையில் தடை செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைக் காட்டுகிறது. படிப்பறிவில்லாத மக்கள் திரையில் காண்பதை அப்படியே நம்பிவிடுவர் என்று ஆட்சியாளர்கள் பேசி வந்தனர். ஆனால், ஒரு தொப்பிக்குள் மறைந்திருந்த பொருளை அதே மக்கள் நொடியில் கண்டுகொள்வர் என்றும் அவர்கள் அஞ்சினர். அத்தடையே பார்வையாளர்களின் அறிவுக்குக் கிடைத்த சான்றிதழாக அமைந்துவிட்டது.

353 பேரின் சாட்சியம்

1920களில் உலகத் திரையரங்குகளை அமெரிக்கப் படங்கள் ஆக்கிரமித்திருந்தன. மேலைநாட்டினரைக் குடிகாரர்களாகவும் குற்றவாளிகளாகவும் காட்டும் படங்கள் இந்தியாவில் வெள்ளையரின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று ஆட்சியாளர் பலர் கவலை கொண்டனர். அமெரிக்கப் படங்களுக்குப் பதிலாகப் பிரிட்டிசுப் பேரரசில் தயாரான படங்களைக் காட்டினால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. இவற்றை ஆராய 1927ஆம் ஆண்டில் இந்தியத் திரைப்படக் குழு அமைக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் அதற்குத் தலைமை ஏற்றார். குழுவில் இந்தியர் மூவரும் ஆங்கிலேயர் மூவரும் இடம்பெற்றனர்.

குழுவினர் அலுவலகத்தில் அமர்ந்தபடியே அறிக்கை எழுதிவிடவில்லை. ஆயிரக்கணக்கான வினாத்தாள்களை அனுப்பினர். நகரம் நகரமாகப் பயணம் செய்தனர். திரையரங்குகளுக்கும் படப்பிடிப்பு நிலையங்களுக்கும் நேரில் சென்றனர். தயாரிப்பாளர், நடிகர், கொட்டகை உரிமையாளர், ஆசிரியர், காவல் அதிகாரி எனப் பலதரப்பட்ட 353 சாட்சிகளை விசாரித்தனர்.

காந்தியடிகளுக்கும் வினாத்தாள் சென்றது. தாம் ஒருபோதும் திரையரங்குக்குச் சென்றதில்லை என்பதால் பதில் கூறத் தகுதியற்றவர் என்று அவர் எழுதினார். எனினும், திரைப்படம் தீமை விளைவித்திருப்பது வெளியில் நிற்பவருக்கும் தெரிகிறது என்றும் அதே மடலில் குறிப்பிட்டார். பார்க்காத ஒன்றைப் பற்றிக் கருத்துக் கூறலாமா என்ற வினாவை அம்மடல் இன்றும் எழுப்புகிறது.

1928ஆம் ஆண்டில் குழு தன் அறிக்கையை அளித்தது. இந்திய மக்கள் தங்கள் வாழ்வையும் கதைகளையும் காட்டும் இந்தியப் படங்களைப் பெரிதும் விரும்புகின்றனர் என்று அது தெரிவித்தது. மேலைநாட்டுப் படங்களுள் டக்லஸ் பேர்பேங்க்ஸ் நடித்த 'பாக்தாத் திருடன்' மிகுந்த வரவேற்பைப் பெற்றதாகவும் கண்டறிந்தது. கீழைநாட்டுக் கதை, பறக்கும் கம்பளம், துணிச்சலான நாயகன் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை அல்லவா? பேரரசுப் படங்களுக்குத் தனிச்சலுகை தேவையில்லை. இந்தியப் படத்தொழிலுக்கே ஊக்கம் வேண்டும் என்பது குழுவின் பரிந்துரையாக அமைந்தது. அரசாங்கம் அதைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டது. மக்களின் சுவையை அவர்களிடமே கேட்டறிய முடியும் என்பதற்கு அவ்வறிக்கை சான்றாக நிலைத்துவிட்டது.

பேசத் தொடங்கிய திரை

1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளிவந்தது. அதுவே இந்தியாவின் முதல் பேசும் படம். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படும் அதில் நாயகி டி. பி. இராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். மொழி கலந்திருந்தபோதும், திரையில் தமிழ் ஒலித்ததே மக்களுக்குப் பெருமகிழ்ச்சியைத் தந்தது.

பேசும் படம் தமிழருக்குத் தமிழ்ப்படத்தைத் தந்தது. ஆனால், ஊமைப்படத்திற்கு இருந்த ஒரு தன்மையை அது எடுத்துக்கொண்டது. மௌனமாக இருந்தவரை, ஒரே படத்தைத் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து, ஒரே இடத்தில் சிரிக்க முடிந்தது. சார்லி சாப்ளினின் தொப்பியும் கைத்தடியும் எந்த மொழிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. திரை பேசத் தொடங்கியதும் பார்வையாளர்கள் மொழிவாரியாகப் பிரிந்தனர். கோலாலம்பூர் போன்ற பன்மொழி நகரத்தில் இம்மாற்றத்தின் விளைவு பெரிது.

படம் அழிந்தது, கருத்து எஞ்சியது

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை இன்று யாராலும் பார்க்க முடியாது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்த பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் உருக்குலையும். பேசும் படம் வந்தபின், விலைபோகாத பழைய சுருள்களைப் பாதுகாக்க எவரும் முன்வரவில்லை. 'கீசக வதம்' அழிந்துவிட்டது. எஞ்சிய மிகச் சிலவற்றுள் 'மார்த்தாண்ட வர்மா' குறிப்பிடத்தக்கது. நாவலின் பதிப்புரிமை தொடர்பான வழக்கால் அப்படம் திரையிட முடியாமல் முடங்கியது. அதன் படி இன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் உள்ளது. கொட்டகை கொட்டகையாக ஓடிய படங்கள் தேய்ந்து மறைய, வழக்கில் முடங்கிய படம் பிழைத்துக்கொண்டது வியப்புக்குரியதே.

மறைந்த படங்களைப் பற்றி இன்று ஓரளவேனும் அறிய முடிகிறது என்றால், அதற்கு அன்று எழுதப்பட்ட கருத்துகளே காரணம். கொட்டகைக்காரர் எழுதிய சில வரிகள், தணிக்கையாளரின் தடை ஆணை, விசாரணைக் குழுவின் முன் சாட்சி கூறியவரின் சொற்கள் ஆகியவையே சான்றுகளாக உள்ளன. எழுதியவர்கள் தங்கள் குறிப்பு நூறாண்டுகள் நிலைக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். படம் அழிந்தது, அதைப் பார்த்தவர் சொன்ன சொல் எஞ்சியது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமும் பெரிதும் மாறிவிட்டது. இரயில்வே குடியிருப்புகள் இருந்த இடங்களுக்கு அருகே வானுயர்ந்த கட்டடங்கள் எழுந்துள்ளன. மக்கள் ஒருகாலத்தில் கூடிய லீடோ திரையரங்கில் இன்று படம் ஓடுவதில்லை. ஆயினும், அங்கே அமர்ந்து படம் பார்த்த முதியவர்கள் இன்றும் பல குடும்பங்களில் உள்ளனர். எந்தப் படத்திற்குக் கூட்டம் அலைமோதியது, எந்தக் காட்சியில் விசில் பறந்தது, எந்தப் படத்திற்குப் பாட்டி அழுதார் என்பதை அவர்கள் நன்கறிவர். அவை எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிவைத்தால், அவையும் நாளைய தலைமுறைக்குச் சான்றுகளாகும். எழுதும்போது பழைய கொட்டகைக்காரர்களின் நல்ல வழக்கத்தை மறந்துவிடக் கூடாது: படத்தின் பெயரோடு, அதைப் பார்த்த மக்கள் யார் என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும்.